மைதீன் ராவுத்தர் திருப்பி அனுப்பிய போன்

பக்கீர் மைதீன் ராவுத்தர் தம் வாழ்நாளில் யாருக்கும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்ததில்லை. அடுத்த வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்த தூக்குச்சட்டி திரும்பிப் போகும்போது அதற்குள் நாலு வாழைப்பழமாவது ஒரு பிடி சீனியாவது இருக்கும். அவருடைய அத்தா அப்படித்தான் செய்தார், அத்தாவுக்கு அத்தாவும் அப்படித்தான் செய்தார். கம்பத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் ராவுத்தர் இந்தப் பழக்கத்தைத் தம் குடும்பம்தான் கண்டுபிடித்து ஊருக்கு இரவல் கொடுத்தது போலப் பேசுவார். நிமிர்ந்த முதுகு, வெள்ளைச் சட்டை, இடது தோளில் மடிப்புக் கலையாத துண்டு. அந்தத் துண்டு தோளில் இருக்கும்போது அவர் சொல்வதை மறுத்துப் பேசக் கடையில் யாருக்கும் வாய் வராது.

அப்படிப்பட்டவரை ஒரு செல்போன் படுத்திய பாடுதான் இது.

அப்போது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். ராவுத்தருக்குக் கம்பத்தில் திராட்சைக் கமிஷன் கடை. கடையில் ஒரு போன் இருந்தது. மகள் யாஸ்மினிடம் ஒரு செல்போன் இருந்தது. அவருக்கென்று தனியாக ஒன்று வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட ஒருவன் ஒரு செல்போனைத் தூக்கிக் காட்டி, இது ஐந்து வேளையும் பாங்கு சொல்லும், எந்த ஊரில் நின்றாலும் தொழும் திசையை முள் வைத்துக் காட்டும் என்றான். ராவுத்தர் எழுந்து உட்கார்ந்தார். பள்ளிவாசல் பாங்கு அவர் வீட்டு அடுப்படி வரை கேட்கும். தொழும் திசையோ அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

"இது எதுக்குங்க நமக்கு?" என்று கேட்டார் மனைவி சுல்தான் பீவி.

"ஊர்ல யாரும் வச்சிருக்கல."

அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. வாங்குவதற்குக் கிரெடிட் கார்டும் தயாராக இருந்தது. தேனியிலிருந்து வந்த வங்கிப் பையன் ஒருவன், "இது உங்கள மாதிரிப் பெரிய மனுசங்களுக்கு மட்டும் குடுக்குறதுங்கய்யா" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த கார்டு. அதே சொல்லைச் சொல்லி எதிர்க்கடை டீ மாஸ்டரிடமும் அவன் கையெழுத்து வாங்கியிருந்தான் என்பது தெரியவரும் வரை, அது ராவுத்தரின் சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி இருந்தது.

போன் வந்து சேர்ந்தது. சாயங்கால அசர் தொழுகை முடிந்து எல்லாரும் செருப்புத் தேடும் நேரத்தில், பள்ளிவாசல் வெளிக்கதவுக்கு அருகே நின்று அதை எடுத்தார். நாலு பேர் கூடினார்கள். முள்ளைத் தட்டிவிட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, நேரே மேகமலையைக் காட்டி நின்றது. கம்பத்துக்காரர்களுக்கு மேகமலை கிழக்கே இருக்கிறது, தொழும் திசையோ மேற்கு.

வாழைமண்டி அப்துல் காதர் முள்ளையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். "ராவுத்தரே, ஒங்க போனுக்கு அங்கன எஸ்டேட்டு வாங்குற யோசனை இருக்கும் போல."

ராவுத்தர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை, கடையில் ஏலம் சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது, வெயிலே ஏறாத நேரத்தில், சட்டைப் பைக்குள்ளிருந்து நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்டது. தலையில் பெட்டியோடு நின்ற சுமைக்காரர்கள் ஏறும் விலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். அது எந்த ஊர் லுஹரோ அல்லாவுக்குத்தான் வெளிச்சம். போனை அணைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், யாஸ்மினை விட்டுக் கம்பெனிக்குப் பேசச் சொன்னார். எதிர்முனையில் பையன் குரல் கேட்டதும் தாமே வாங்கிக்கொண்டார்.

"ஐயா வணக்கம், என் பேரு சுரேஷ்கண்ணன்ங்கய்யா. பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிருங்கய்யா. எங்க குடோனுக்கு வந்து சேந்ததும் கார்டுல ஏறுனத ரத்து பண்ணிருவோம்ங்கய்யா."

இத்தனை ஐயாவை ராவுத்தர் ஒரே மூச்சில் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. "எந்த ஊருப்பா நீ?"

"இப்ப மெட்ராஸ்ங்கய்யா. சொந்த ஊரு ஆண்டிபட்டிப் பக்கம்."

"அப்படிச் சொல்லு. நம்ம பக்கத்துப் பய."

வம்பு அந்த இடத்தில்தான் பிறந்தது. பையன் மரியாதையாகப் பேசிவிட்டான், பக்கத்து ஊர்க்காரனாகவும் போய்விட்டான். அவனுக்கு ஒரு பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும். வெறுங்கையாக எப்படி அனுப்புவது?

"அத்தா, கூரியர்ல போட்டாப் போதும், ரசீது தருவாக" என்றாள் யாஸ்மின்.

"எவன் வாங்குறான், எவன் கொண்டு போறான்னு தெரியாத எடத்துல போய்க் குடுக்கச் சொல்றியா? நம்ம சரக்கு தினம் லாரியில மெட்ராஸ் போகுது. அதுல போனாப் போதும்."

விற்பனைக்குப் போகும் திராட்சைக்கு அட்டைப்பெட்டி உண்டு. ஆனால் ராவுத்தர் வீட்டில் மாம்பலகையில் செய்த பெட்டி ஒன்று இருந்தது. அவருடைய அத்தா காலத்துப் பெட்டி. பக்கப்பலகையில் பிறையும் அதன் நடுவே 'ம' எழுத்தும் சூடு போட்டிருக்கும், கீழே 'கம்பம்' என்று ஊர்ப்பெயர். சம்பந்தி வீட்டுக்கு, வைத்தியம் பார்த்த டாக்டருக்கு, பெரிய வியாபாரிக்கு என்று மரியாதை செய்ய வேண்டிய இடத்துக்கு மட்டும் பன்னீர்த் திராட்சையோடு அது போகும். பழத்தை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் இது தெரியும், லாரிக்காரர்கள் கேட்காமலே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

அந்தப் பெட்டியை ராவுத்தர் தம் கையாலேயே கட்டினார், யாரையும் தொட விடவில்லை. போனையும் அதன் ஒயரையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து அடியில் வைத்தார். அதன்மேல் வைக்கோலை அமுக்கினார். வைக்கோலின் மேல் செய்தித்தாள், அதன்மேல் கொத்துக் கொத்தாகப் பழம். திராட்சை லாரியில் திராட்சையைத் திருடுகிறவன் இல்லை, அடியில் போன் இருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. லாரி ஆபீஸில், "என்ன சரக்கு?" என்று கேட்டபோது, "திராட்சை" என்றார். திராட்சை ஒரு பெட்டி என்று ரசீது எழுதிக் கொடுத்தார்கள். தம்முடைய சாமர்த்தியத்தை நினைத்து வழிநெடுக மீசைக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

இதையெல்லாம் சுரேஷ்கண்ணனிடம் சொன்னாரா என்றால், இல்லை. கொடுக்கப்போகும் பழத்தை முன்கூட்டியே சொல்லுவது ஏலம் கூவுகிறவன் வேலை. தினமும் காலையில் அவர் செய்வதும் அதே வேலைதான் என்றாலும், மரியாதைப் பெட்டி விஷயத்தில் அது கூடாது. பழத்தைத் தின்று முடித்தால் அடியில் போன். கண்ணுள்ளவனுக்குத் தெரியாதா?

தெரியவில்லை. அடுத்த முறை கார்டுக் கணக்கு வந்தபோது போனின் விலை அப்படியே ஏறியிருந்தது. சுரேஷ்கண்ணனைப் பிடித்தார்.

"போன் இன்னும் வரலைங்கய்யா."

"நல்லாத் தேடிப் பாரு. நம்ம லாரி போய்ச் சேந்தாச்சு."

"பாத்துட்டோம்ங்கய்யா. ஒங்க பேர்ல எந்தப் பார்சலும் இல்லைங்கய்யா."

பழம் வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்க நாக்கு வரவில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டியதாக ஆகிவிடுமே.

அதே வாரத்தில் மாம்பலகைப் பெட்டி மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. சுல்தான் பீவி அதைக் காட்டியபோது ராவுத்தர் மேலாக எட்டிப் பார்த்தார். வைக்கோல்தான் தெரிந்தது. "பாத்தியா? வெறும் பெட்டி. ஒரு பிஸ்கட்டுப் பாக்கெட்டு போட்டு விடக்கூட அங்கன ஒருத்தனுக்கும் தோணல. மெட்ராஸுக்குப் போயிட்டா இதெல்லாம் எங்கிட்டு நெனப்பு வரும்?" பெட்டி பரணுக்கு ஏறியது.

அடுத்து ராவுத்தர் தேனிக்குப் பஸ் ஏறினார். வங்கியில் கார்டு விவகாரங்களைப் பார்த்தவர் யுவராணி என்கிற அதிகாரி, யாஸ்மினைவிடச் சற்றே மூத்த பெண். கம்பெனி பொய் சொல்கிறது, ஏற்றிய தொகையை இறக்க வேண்டும் என்றார் ராவுத்தர். அனுப்பியதற்கு அத்தாட்சி கேட்டார் யுவராணி. ராவுத்தர் லாரி ரசீதை மேசைமேல் வைத்து, விரலால் அவர் பக்கம் தள்ளினார்.

யுவராணி அதைப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். "ஐயா, இதுல திராட்சைன்னு போட்டிருக்கு."

"ஆமா. அடியில போனு."

"அப்படி எழுதலையேங்கய்யா."

"அடியில இருக்குறத எவனாவது மேல எழுதுவானா?"

பக்கத்து மேசைக்காரர் இருமுவது போலச் சிரித்தார். ராவுத்தருக்கு முதுகு இன்னும் ஒரு சுற்று நிமிர்ந்தது. எழுந்து நின்றார். அவருக்கு ஏலக் குரல். வங்கியில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. வாங்குன பொருளத் திருப்பிக் குடுக்காம வச்சுக்கிட்டவன் எங்க வம்சத்துல கிடையாது. அந்தப் போனு எங்கிட்ட இருக்குன்னு எவனாச்சும் காட்டிட்டா, இந்தத் துண்டு என் தோள்ல இருக்காது. இடுப்புக்கு எறக்கிக் கட்டிக்கிறேன்."

யுவராணி புகாரை எழுதிக்கொண்டார். துண்டு விஷயத்தை எழுதவில்லை. ஆனால் தண்ணீர் கொடுக்க வந்த கடைநிலை ஊழியர் கஸ்தூரியம்மாள் அதை நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு வசூல்காரர்கள் கடை போனில் கூப்பிட ஆரம்பித்தார்கள். ராவுத்தரின் குரல் உயர உயரச் சுமைக்காரர்களுக்கு வேலை மெதுவானது. காய்கறிச் சந்தை வரை பேச்சுப் போய்விட்டது. ராவுத்தர் போனை வாங்கி அமுக்கிக்கொண்டாராம், கேட்டால் திராட்சை அனுப்பினேன் என்கிறாராம். அப்துல் காதர் நேரிலேயே விசாரித்தார்.

"ராவுத்தரே, ரெண்டு கிலோ பழம் அனுப்புனா ஒரு டிவி தருவாகளா?"

"கட்டித் தொலச்சுட்டுப் போயிரலாமே அத்தா" என்றாள் யாஸ்மின். "இதுக்குப் போய் இம்புட்டு ரோசமா?"

"கட்டுனா நான் எடுத்துக்கிட்டேன்னு ஆயிரும். கட்டுறது பெரிசில்ல. ஒன் கல்யாணத்தன்னைக்குப் பந்தியில உக்காந்து ஊரு அதத்தான் பேசும்."

அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் கடையில் எல்லாரும் இருக்கும்போதே சுரேஷ்கண்ணனிடம் கத்தினார். "ஒங்க குடோன்ல எங்க பெட்டிய எறக்குனது யாரு? விசாரிச்சியா?"

அவன் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். அந்தச் சமயம் ஒரு திராட்சைப் பெட்டி வந்ததாகவும், வாட்ச்மேன் அய்யாத்துரைதான் வாங்கியதாகவும் சொன்னான்.

"வந்துச்சுல்ல? பழத்தைத் தின்னவனுக்குப் போனு எங்கன்னு தெரியும். போய் அந்த அய்யாத்துரை வீட்டச் சோதிங்க. நான் சொன்னேன்னு சொல்லு. திருட்டுப் பய."

அன்று ராவுத்தர் திருப்தியாகச் சாப்பிட்டார். அடுத்த பறிப்பு நேரத்தில் வங்கியிலிருந்து யுவராணி கூப்பிட்டார். கம்பெனியின் பதில் வந்திருக்கிறது, நேரில் வந்து கடைசியாக ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

ஓர் அதிகாரியைப் பார்க்கக் கையை வீசிக்கொண்டு போவதா? முதல் தடவை கோபத்தில் அப்படிப் போனதே ராவுத்தருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. பரணிலிருந்து மாம்பலகைப் பெட்டியை இறக்கச் சொன்னார். அன்று பறித்த பன்னீர்த் திராட்சை, பொடிப் பழம் இல்லாத கொத்தாகப் பார்த்துத் தாமே அடுக்க உட்கார்ந்தார்.

"அந்தப் பழைய வைக்கலக் கொட்டிட்டுப் புதுசு போடுங்களேன்" என்றார் சுல்தான் பீவி.

"இதுக்கென்ன கேடு? ஒரே ஒரு தடவ மெட்ராஸ் போய்ட்டு வந்த வைக்கல்."

"நான் போடுறேன், குடுங்க."

"தொடாத. மரியாதைப் பெட்டிய நான் கட்டுனாத்தான் சரியா இருக்கும்."

பழைய வைக்கோலின் மேல் புதுச் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பழத்தை அடுக்கினார். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். உத்தமபாளையம் தாண்டும்போது, "பெட்டிக்கு லக்கேஜ் போடணும் பெரியவரே" என்றார் நடத்துநர். மடியில் இருப்பது லக்கேஜ் இல்லை என்று சின்னமனூர் வரை வாதாடினார் ராவுத்தர். வாதத்தில் ஜெயித்தார். அந்தச் சமயத்தில் அவர் ஜெயித்தது அது ஒன்றுதான்.

வங்கியில் பெட்டியைப் பார்த்ததும் யுவராணி எழுந்துவிட்டார். "ஐயா, நாங்க இதெல்லாம் வாங்கக் கூடாதுங்கய்யா."

"வேலையாகணும்னு குடுக்கல. கைய வீசிக்கிட்டு வர்ற பழக்கம் எங்க வீட்ல கிடையாது. நீ மட்டும் திங்க வேணாம்த்தா, எல்லாரும் ரெண்டு ரெண்டு எடுத்துக்கங்க. பெட்டிய மட்டும் குடுத்துருங்க, அது எங்க அத்தா காலத்துப் பெட்டி."

பக்கத்து மேசைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. யுவராணி வேறு வழியில்லாமல் கஸ்தூரியம்மாளைக் கூப்பிட்டு, கழுவி எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னார். கஸ்தூரியம்மாள் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து, பக்கத்து ஸ்டூலில் பெட்டியை வைத்துக் கொத்துக் கொத்தாக எடுக்கத் தொடங்கினார்.

யுவராணி கம்பெனியின் பதிலைச் சொன்னார். "பழம் வந்தது உண்மைதானாம். வாட்ச்மேன் அய்யாத்துரைக்குச் சொந்த ஊரு தேவதானப்பட்டி. பெட்டியில கம்பம்னு போட்டிருந்ததப் பாத்துட்டு, யாரோ தெரிஞ்சவக அனுப்புன மரியாதைன்னு நெனச்சு எல்லாருக்கும் பங்கு வச்சிருக்காரு. பெட்டியத் திருப்பி அனுப்பணும்னு அவருக்குத் தெரியும், அனுப்பிட்டாரு. போனப் பாக்கவே இல்லைன்னு சொல்றாரு. நீங்க அவரு மேல புகார் சொன்னதால வேலைக்கு வர வேணாம்னு நிறுத்தி வச்சிருக்காங்களாம்."

தேவதானப்பட்டி என்றதும் ராவுத்தருக்கு எங்கோ லேசாகக் குத்தியது. பெட்டி பார்த்து மரியாதை தெரிந்துகொண்ட ஆள். துண்டைச் சரிசெய்துகொண்டார். "நம்ம பக்கத்து ஆளா இருந்தா என்ன? தப்பு தப்புதான்."

"சரிங்கய்யா. அப்ப இங்கன கையெழுத்துப் போடுங்க. நான் சொன்னதெல்லாம் உண்மை, போன் என்னிடம் இல்லைன்னு இதுல இருக்கு. இதுக்கப்புறம் கம்பெனி போலீஸ் வரைக்கும் போகலாம், அந்த ஆளு மேல."

ராவுத்தர் பேனாவை வாங்கினார். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தாளை நேராக வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் கஸ்தூரியம்மாள் கடைசிக் கொத்தை எடுத்துவிட்டுத் தாளையும் உருவினார். "பெட்டிய வெறுமனே குடுக்கக் கூடாதே, என்னத்தப் போட்டுக் குடுக்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, உள்ளே எதுவும் வைக்க இடம் இருக்கிறதா என்று வைக்கோலை ஒதுக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அய்யா, அடியில வேற என்னமோ வச்சிருக்கீகளே. அதும் எங்களுக்கா?"

அவர் கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. பழச்சாறு இறங்கி ஒரு பக்கம் ஊதாவாகியிருந்தது. ராவுத்தருக்கு அந்தக் கைக்குட்டையைத் தெரியும், முடிச்சையும் தெரியும். கஸ்தூரியம்மாள் அதை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். ஒயர் சுற்றிய போன், வாங்கிய அன்று போலவே பளபளவென்று.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ராவுத்தருக்கு உதவியாக இருந்திருக்கும், கோபப்படவாவது செய்திருக்கலாம். யுவராணி போனைப் பார்த்தார், ராவுத்தரைப் பார்த்தார், பிறகு அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, ஒண்ணும் பிரச்சினையில்ல. லாரி ஆபீஸ்ல எங்கயோ கெடந்திருக்கு, இப்பத்தான் குடுத்தாக, நீங்க கையோட கொண்டு வந்துட்டீகன்னு நான் எழுதிக்கிறேன்."

நல்ல பெண். நல்ல வழி. ஒரு மூச்சு நேரம் ராவுத்தர் அந்த வழியில் நடந்தும் பார்த்தார். லாரி ஆபீஸில் கிடந்தது. ஆமாம், கிடந்திருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை, லாரிக்காரன் ஒருத்தன் மட்டும் கொஞ்சம் திருடனாவான். தேவதானப்பட்டிக்காரன் எப்படியும் பாதித் திருடனாகவே இருப்பான். அவர் தோளில் மட்டும் துண்டு மடிப்புக் கலையாமல் இருக்கும்.

பேனாவை மூடி வைத்தார்.

"இல்லத்தா. அப்படி எழுதாத. இது லாரியில கெடக்கல. என் வீட்டுப் பரண்ல கெடந்துச்சு. என் பெட்டி, என் வைக்கல், நான் போட்ட முடிச்சு. அன்னைக்கு இங்கன நின்னு ஊரக் கூட்டிச் சொன்னேன். இன்னைக்கும் இங்கனதான் சொல்லணும்."

தோளிலிருந்து துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டப் போனவர், மேசைமேல் யுவராணியின் தாள்களை நோக்கி ஊதாச் சாறு ஓடுவதைப் பார்த்தார். துண்டாலேயே அதைத் துடைத்தார். பிறகு அந்த ஊதாத் துண்டை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கஸ்தூரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வங்கி போனிலிருந்தே சுரேஷ்கண்ணனைக் கூப்பிடச் சொன்னார். மெதுவாகப் பேசலாம் என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் நாற்பது வருஷமாக ஏலம் கூவிய தொண்டைக்கு மெதுவாகப் பேசும் பழக்கம் இல்லை. "போனு எங்கிட்டத்தான் இருக்கு, தம்பி" என்றது வங்கி வாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டது. "நான் திருட்டுப் பயன்னு சொன்ன ஆளு திருடல. அவர இன்னைக்கே வேலைக்குக் கூப்பிடுங்க. கூப்பிடலைன்னா நான் அங்கன வருவேன்."

"சரிங்கய்யா, சரிங்கய்யா" என்றான் அவன். "போனை அனுப்பிருங்கய்யா, தொகையை இப்பவும் ரத்து பண்ணிரலாம்ங்கய்யா. ஆனா கூரியர்ல அனுப்புங்கய்யா."

"கூரியர்லதான்."

"போன் மட்டும்ங்கய்யா."

ராவுத்தர் ஸ்டூலில் இருந்த வெறும் பெட்டியைப் பார்த்தார். "போன் மட்டும்" என்றார் கடைசியில். அது அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அய்யாத்துரையிடம் பேசுவதை மறுநாளுக்கு வைத்துக்கொண்டார். கடையில், ஏல நேரத்தில், சுமைக்காரர்களும் அப்துல் காதரும் இருக்கும்போதுதான் பேச வேண்டும் என்று நினைத்தார். திட்டியது அங்கே வைத்துத்தானே. போனில் தாம் யாரென்று சொன்னார்.

"நான் ஒங்களத் தப்பாப் பேசிட்டேன். போனு எங்க வீட்லயே இருந்துச்சு. வேலைக்குக் கூப்பிட்டாகளா?"

"கூப்பிட்டாகய்யா. இன்னைக்குப் போறேன்." தொடர்ந்து அந்தக் குரல் சொன்னது: "பழம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்கய்யா. நம்ம ஊருப் பழம் தின்னு எம்புட்டு வருசமாச்சு. ஒரே ஒரு சங்கடந்தான் எனக்கு. பெட்டியில ஏதாச்சும் போட்டு விடணும்னு பாத்தேன். குடோன்ல ஒண்ணுமே இல்ல. வெறும் பெட்டியத்தான் அனுப்பி வச்சேன்."

ராவுத்தர் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏலம் நின்றுபோயிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல அய்யாத்துரை" என்றார். "நீங்க வெறும் பெட்டி அனுப்பல."

அதை அப்துல் காதர் கேட்டார், சுமைக்காரர்கள் கேட்டார்கள். பிற்பாடு ஊரும் கேட்டது. செல்போன் கூரியரில், ஒரு துணைப் பழம்கூட இல்லாமல், அநாதை மாதிரி மெட்ராஸுக்குப் போய்ச் சேர்ந்தது. கார்டில் ஏறியது இறங்கியது. ராவுத்தரின் துண்டு மட்டும் ஏறவில்லை. சந்தையில் பார்த்தவர்கள் எல்லாரும், "என்ன ராவுத்தரே, துண்டு எறங்கி இருக்கு?" என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் அவர் முதலிலிருந்து, மேகமலையிலிருந்து தொடங்கிக் கதை சொன்னார். எதையும் விடவில்லை. ரசீதையும் பழைய வைக்கோலையும் சொல்லும்போது குரல் கொஞ்சம் ஓங்கும். தாம் அவமானப்பட்டதிலும் ஓர் ஒழுங்கு இருப்பதாக அவருக்குள் ஒரு பெருமை வளர்ந்துவிட்டது போலிருந்தது.

சுல்தான் பீவியால் அதைப் பொறுக்க முடியவில்லை. "இந்தத் துண்டு எத்தனை நாளைக்குன்னு அன்னைக்குச் சொன்னீகளா?"

"சொல்லல."

"அப்ப கழட்டி இங்க குடுங்க, துவைக்கணும். திராட்சைக் கறை இன்னும் போகல."

"வாக்குன்னா வாக்குதான். எங்க வம்சத்துல" என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார். அவர் முன்னால் மாம்பலகைப் பெட்டி, பன்னீர்த் திராட்சை, புது வைக்கோல் எல்லாம் இருந்தன. தேவதானப்பட்டிக்காரருக்குப் பெட்டி அனுப்ப வேண்டும், இந்தத் தடவை போனில் முன்கூட்டிச் சொல்லியாகிவிட்டது. ராவுத்தர் வைக்கோலை எடுத்தார்.

"நகருங்க" என்று சொல்லிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் சுல்தான் பீவி. "இத இனிமே நான் கட்டுறேன்."

ராவுத்தர் நகர்ந்து உட்கார்ந்தார்.